நரம்பு சொல்லாத சொல்: யாழிலிருந்து கிடார் வரை



இசை என்றவுடன் நமக்குப் பாட்டுதான் நினைவுக்கு வருகிறது. பாட்டென்றால் அதில் சொல் இருக்கவேண்டும், சொல்லுக்குப் பொருள் இருக்கவேண்டும், கூடவே தாளமும் வேண்டும். இவை எதுவும் இல்லாமல், ராகம் இன்னதென்று சொல்லும்படியான ஆலாபனையும் இல்லாமல், ஒரு கிடாரின் நாதம் மட்டும் ஊதுவத்திப் புகை மாதிரி அறையைச் சுற்றிச் சுற்றி வந்தால், "சுதி கூட்டிக்கிட்டே இருக்கானே, எப்பதான் வாசிக்கப் போறான்?" என்று நம் வயதுக்காரர்கள் கேட்பார்கள். கேட்பதில் நியாயமும் உண்டு. ஆனாலும் அந்த நாதத்தைக் கேட்டுக் கண் கலங்குகிறவர்கள் இன்று உலகம் முழுக்க இருக்கிறார்கள். நம் பிள்ளைகளே பெங்களூரிலும் புனாவிலும் வேலை முடிந்து வந்து, விளக்கை அணைத்துவிட்டு, காதில் இதைத்தான் மாட்டிக்கொண்டு படுக்கிறார்கள்.

சொல்லே இல்லாத இடத்தில் உணர்ச்சி எங்கிருந்து வருகிறது? இந்தக் கேள்விக்கு மேலைநாட்டார் பல விடை சொல்லியிருக்கிறார்கள். அவற்றைவிடப் பொருத்தமான விடை நம் தொல்காப்பியத்திலும் சமணக் காப்பியங்களிலும் இருக்கிறது என்பது என் எண்ணம். ஏர்பேட்டில் பாத்திரக் கடை வைத்துப் பிழைக்கிறவன் நான். பட்டம் எதுவும் பெற்றவனில்லை. கடையில் கூட்டம் இல்லாத மத்தியான வேளைகளில் படித்த படிப்பை வைத்துக்கொண்டே இதைச் சொல்கிறேன்.

சூழலிசை என்றால் என்ன?

ஆங்கிலத்தில் 'ஆம்பியன்ட்' என்கிறார்கள். நாம் சூழலிசை என்போம். இந்தப் பெயரை நிலைநிறுத்தியவர் பிரையன் ஈனோ என்ற ஆங்கிலேயர். 1978இல் விமான நிலையங்களுக்கான இசை என்ற பொருள்படும் தலைப்பில் அவர் ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். உட்கார்ந்து கவனித்தாலும் தாங்க வேண்டும், கவனிக்காமல் விட்டாலும் கெடக்கூடாது என்பதே இவ்வகை இசைக்கு அவர் வகுத்த இலக்கணம்.

அதற்கு முன்பே, 1973இல், ராபர்ட் ஃபிரிப் என்ற கிடார் கலைஞரோடு சேர்ந்து இன்னொரு தட்டு வெளியிட்டிருந்தார். அதன் செய்முறை எளிமையானது. இரண்டு டேப் ரிக்கார்டர்களைச் சற்றுத் தள்ளித் தள்ளி வைத்து, ஒரே நாடாவை இரண்டுக்கும் ஓடவிட்டார்கள். முதல் இயந்திரம் பதிவுசெய்த கிடார் ஒலியைச் சில நொடி கழித்து இரண்டாவது இயந்திரம் ஒலிக்கும். அந்த ஒலி திரும்பவும் முதல் இயந்திரத்துக்கே போகும். இப்படியே ஒன்றன்மேல் ஒன்றாக, மாவிலைத் தோரணம் கட்டுகிற மாதிரி, ஒலி அடுக்கிக்கொண்டே போகும். பழைய அடுக்கு மெல்ல மங்கும், புதியது மேலே வரும். இன்று நாடா தேவையில்லை. காலால் மிதிக்கிற சின்னப் பெட்டிகளும் கணிப்பொறியும் அந்த வேலையைச் செய்துவிடுகின்றன. ஒலியளவைக் காலாலேயே ஏற்றி இறக்க ஒரு மிதிகட்டையும் உண்டு. தந்தியை மீட்டும்போது எழுகிற முதல் அடியை அது விழுங்கிவிடும். அடி கேட்காது, அதைத் தொடரும் நாதம் மட்டும் வயலின் மாதிரி மெல்லப் பெருகி வரும்.

இதில் நம் கவனத்துக்குரிய செய்தி ஒன்று உண்டு. 1975இல் ஈனோ விபத்தில் அடிபட்டுப் படுக்கையில் கிடந்தார். பார்க்க வந்த தோழி ஒருத்தி, பதினெட்டாம் நூற்றாண்டு ஹார்ப் இசைத்தட்டு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். அதை எப்படியோ போட்டுவிட்டு வந்து படுத்தபிறகுதான் ஒலி மிகக் குறைவாக வைத்திருந்தது தெரிந்தது. ஒலிபெருக்கியிலும் ஒரு பக்கம் வேலை செய்யவில்லை. எழுந்துபோய்த் திருத்த உடம்பில் தெம்பில்லை. வெளியே மழை. மழைச் சத்தத்துக்கு நடுவே ஹார்ப்பின் ஓங்கிய சுரங்கள் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கேட்டன. இசையும் மழைபோல, வெளிச்சம்போல, சூழலின் ஒரு பகுதியாகலாம் என்று அவருக்கு அப்போது தோன்றியதாம்.

ஹார்ப் என்பது எது? வளைந்த கோட்டில் நரம்பு கட்டிய கருவி, நம் யாழின் இனம். யாழ் நம் நாட்டில் வழக்கொழிந்து போனது. ஈழத்துக் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் பல்லாண்டு உழைத்து எழுதிய யாழ் நூல் 1947இல் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகள் மறைந்தார். நாம் ஏட்டில் தேடிக்கொண்டிருந்த யாழின் உறவுக் கருவி ஒன்று, லண்டனில் ஒரு நோயாளியின் அறையில் மழையோடு கலந்து புதிய இசைக்கு வித்திட்டிருக்கிறது.

யாழ் ஒரு கருப்பொருள்

இனி நம் இலக்கணத்துக்கு வருவோம். அகப்பாட்டின் பொருளைத் தொல்காப்பியர் முதல், கரு, உரி என்று மூன்றாகப் பிரிக்கிறார். நிலமும் பொழுதும் முதற்பொருள். புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என்ற உணர்ச்சிகள் உரிப்பொருள். இரண்டுக்கும் நடுவே நிற்பது கருப்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில் ஆகியவற்றோடு யாழையும் அவர் அங்கே வைக்கிறார். யாழ் என்றது கருவியை மட்டுமல்ல, அந்நிலத்துக்குரிய பண்ணையும் சேர்த்துத்தான்.

இது சாதாரண விஷயமில்லை. இசையை உணர்ச்சிப் பட்டியலில் வைத்திருக்கலாம், வைக்கவில்லை. மரத்தோடும் பறவையோடும் வைத்தார். தலைவியின் இரக்கத்தை நெய்தல் யாழ் எடுத்துச் சொல்வதில்லை. கழியும் கானலும் நாரையும் எப்படி அவளைச் சுற்றி இருக்கின்றனவோ அப்படித்தான் யாழும் சுற்றி இருக்கிறது. இரங்குவது அவள் வேலை. இடம் கொடுப்பது யாழின் வேலை.

சூழலிசையின் உணர்ச்சி வலிமைக்கு நான் காணும் காரணம் இதுதான். சினிமாப் பாட்டு உரிப்பொருளையே நேராகக் கையில் கொடுக்கிறது. இது சோகம், இது காதல் என்று சீட்டு ஒட்டித் தருகிறது. சூழலிசைக் கிடார் கருப்பொருளை மட்டும் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. உரிப்பொருள் கேட்பவனுடையது. அவனுடைய சொந்தச் சரக்கு ஆனபடியால்தான் அது அவ்வளவு ஆழமாகப் பாய்கிறது.

சங்கப் பாட்டிலேயே சான்று உண்டு. அகநானூற்றில் ஒரு காட்சி. தினைப்புனம் காக்கும் குறவர் பெண் குறிஞ்சிப் பண் பாடுகிறாள். கதிரைத் தின்ன வந்த களிறு தின்னவுமில்லை, நின்ற இடத்தைவிட்டு நகரவுமில்லை, அப்படியே உறங்கிவிடுகிறது. பொருநராற்றுப்படையில் வழிப்பறிக் கள்வர் பாலை யாழைக் கேட்டுக் கையிலிருந்த ஆயுதத்தை நழுவவிடுகிறார்கள். யானைக்குப் பாட்டின் பொருள் தெரியுமா? கள்வனுக்கு யாராவது நீதி போதித்தார்களா? இடம் மாறியது, அதனால் மனம் மாறியது. வெண்கலக் கடையில் யானை புகுந்த கதையைத்தான் நமக்குத் தெரியும். பண்ணுக்குள் புகுந்த யானையின் கதை இது.

சுண்டிப் பார்த்தால் தெரியும்

என் தொழிலிலிருந்து ஓர் உவமை சொல்கிறேன். வெண்கலப் பாத்திரம் வாங்க வருகிற பெரிய மனுஷிகள் கண்ணால் பார்த்து வாங்கமாட்டார்கள். விளிம்பை விரலால் தூக்கிப் பிடித்து, நகத்தால் சுண்டிவிட்டுக் காதைக் கொடுப்பார்கள். நல்ல வார்ப்பானால் 'ணங்' என்ற சத்தம் எழுந்து வெகுநேரம் நின்று, தானே மெலிந்து போகும். கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் 'டப்' என்று அங்கேயே செத்துவிடும். செம்பு ஏறக்குறைய 78 பங்கு, வெள்ளீயம் 22 பங்கு கலந்த மணி வெண்கலம் நீண்ட நேரம் பாடும். இங்கே அந்த அம்மாள் கேட்பது அடியை இல்லை, அடிக்குப் பிறகு சத்தம் எப்படித் தேய்கிறது என்பதைத்தான். பாத்திரத்தின் உள்ளே இருப்பது அந்தத் தேய்வில்தான் வெளியே வருகிறது.

கிடாரும் அப்படித்தான். புல்லாங்குழலில் மூச்சு இருக்கும்வரை சுரம் நிற்கும். வயலினில் வில் ஓடும்வரை நிற்கும். தந்தியை மீட்டுகிற கருவியில், மீட்டிய மறுகணமே சுரம் சாக ஆரம்பித்துவிடுகிறது. பிறந்தது தேய்கிறது என்ற உண்மையை ஒவ்வொரு மீட்டலிலும் அது சொல்லாமல் சொல்கிறது. சாதாரண வாசிப்பில் அடுத்த சுரம் வந்து அந்தத் தேய்வை மூடிவிடும். சூழலிசையில் அடுத்த சுரம் அவசரப்படுவதில்லை. தேய்வதை முழுக்கக் கேட்கவிடுகிறார்கள். எதிரொலிப் பெட்டி அந்தத் தேய்வை இன்னும் கொஞ்ச தூரம் கையைப் பிடித்து நடத்திப் போகிறது. வழியனுப்ப வந்தவர்கள் ரயில் புறப்பட்ட பிறகும் பிளாட்பாரத்தில் கொஞ்சதூரம் கூடவே நடப்பார்களே, அதுபோல.

என் வீட்டு அனுபவம் ஒன்றையும் சொல்லவேண்டும். 2019இல் என் இல்லாள் காலமானாள். காரியங்கள் முடிந்து உறவுக்காரர்கள் வந்தவாசிப் பக்கம் திரும்பிப் போனபிறகு வீட்டில் சத்தமே இல்லை. ரேடியோ வைத்தால் தாங்கவில்லை. எந்தப் பாட்டு வந்தாலும், நான் எப்படி அழவேண்டும் என்று அது எனக்குக் கற்றுக்கொடுத்தது. அந்தச் சமயம் மாடியில் ஒரு தெலுங்குப் பையன் குடியிருந்தான். இங்கே வந்திருக்கிற பெரிய கல்வி நிறுவனம் ஒன்றில் ஆராய்ச்சி மாணவன். ராத்திரி ஒன்பது மணிக்குமேல் கிடாரை எடுத்து, ஒரு பெட்டியில் சொருகி, நாலைந்து சுரத்தையே மெல்ல மெல்ல மீட்டிக்கொண்டிருப்பான். ஒருநாள் படியில் எதிர்ப்பட்டு, "அங்கிள், சத்தம் தொந்தரவா இருக்கா? நிறுத்திடட்டுமா?" என்று கேட்டான். "நிறுத்தாதப்பா, கதவை மட்டும் திறந்து வை" என்றேன்.

அந்த இசை எனக்கு ஆறுதல் சொல்லவில்லை. ஆறுதல் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. துக்க வீட்டில் நல்ல பெரியவர்கள் செய்வதும் அதுதானே?

கானல்வரியும் சிந்தாமணியும்

அப்படியானால் சொல்லில்லாத இசை எப்போதும் நல்லதையே செய்யுமா? இளங்கோவடிகளைக் கேட்டால் இல்லை என்பார். இந்திர விழா முடிந்த புகார்க் கடற்கரை. மாதவி யாழைச் சுதிகூட்டிக் கோவலன் கையில் தருகிறாள். அவன் வாசித்துப் பாடுகிறான். இவன் மனத்தில் வேறொருத்தி இருக்கிறாள் என்று அவள் எண்ணுகிறாள். யாழை வாங்கி, தானும் வேறொருவனை நினைத்தவள் போலப் பாடுகிறாள். கோவலன் எழுந்து போய்விடுகிறான். அன்று பிரிந்தவன் மதுரையில் வெட்டுண்டு மாண்டான். யாழைச் சாக்காக வைத்து ஊழ்வினை வந்து சேர்ந்தது என்று அடிகள் சொல்கிறார். குற்றம் யாழின் நரம்பில் இல்லை. ஒருவர் பாட்டில் மற்றவர் தம் சந்தேகத்தை ஏற்றிக்கொண்டார்கள். கருப்பொருள் இடம் கொடுத்தது, வந்து உட்கார்ந்தது சந்தேகம். இடம் கொடுக்கிற இசையின் வலிமையும் ஆபத்தும் ஒன்றே. நாம் கொண்டுபோவதையே அது பெருக்கித் திருப்பித் தரும்.

திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணி இன்னொரு பாடம் சொல்கிறது. 1887இல் உ.வே.சாமிநாதையர் இதைப் பதிப்பிக்கும்முன், கும்பகோணத்துச் சமணர்களிடம் கேட்டுத்தான் பல நுட்பங்களைத் தெளிந்துகொண்டார் என்பது எங்கள் சமூகத்தார் பெருமையோடு நினைக்கும் செய்தி. (இங்கே ஆந்திராவில் ஜெயின் என்றால் வடக்கேயிருந்து வந்த சேட்டு என்றுதான் நினைக்கிறார்கள். தமிழே தாய்மொழியான நயினார்கள் நாங்கள் என்று விளக்கி விளக்கி எனக்கு அலுத்துவிட்டது.) அக்காப்பியத்தில் வணிகன் சீதத்தன் வீட்டில் வளரும் காந்தருவதத்தை, யாழில் தன்னை வெல்பவனையே மணப்பாள். போட்டிக்கு வந்த சீவகன் முதலில் வாசிக்கவில்லை. கொடுத்த யாழ்களை ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்துத் தள்ளுகிறான். இந்த மரம் நீரில் கிடந்தது, இது தீயில் வெந்தது, இதன்மேல் இடி விழுந்தது என்று குற்றம் கண்டு சொல்கிறான். சுண்டிப் பார்த்து வாங்கும் வழக்கத்துக்கு இதைவிடப் பழைய சாட்சி வேண்டுமா! மரம் பட்ட காயம் ஒலியில் தெரியும் என்ற நம்பிக்கை அது.

இன்னொன்றும் கவனியுங்கள். இவ்வளவு மயக்கும் இசைப் போட்டியை எழுதியவர் ஒரு துறவி. குரங்கு தன் துணைக்குக் கொடுத்த பலாப்பழத்தைத் தோட்டக்காரன் பறித்துக்கொள்வதைக் கண்டு, அரசனான சீவகன் துறவு பூணுவதில் காப்பியத்தை முடிக்கிறார். இசை மயக்கத்துக்கும் வழி, தெளிவுக்கும் வழி என்று அவர் அறிந்திருந்தார். எங்களில் சாமாயிகம் என்று 48 நிமிஷம் சமநிலையில் அமர்வது உண்டு. அதற்குக் கிடார் இசை போட்டுக்கொள்ளலாமா என்று ஒரு பேரப்பிள்ளை கேட்டான். வேண்டாம் என்றேன். இசை நல்ல துணைதான், ஆனால் அங்கே துணையில்லாமல் உட்காரத்தான் பழகுகிறோம்.

நம் நாட்டு உதாரணங்கள்

நம் நாட்டிலும் இவ்வகைக்கு முன்னோடிகள் உண்டு. 1967இல் 'கால் ஆஃப் தி வேலி' என்ற இசைத்தட்டு வந்தது. சிவகுமார் சர்மாவின் சந்தூர், ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல், பிரிஜ் பூஷண் காப்ராவின் கிடார். காஷ்மீரத்து ஆட்டிடையன் ஒருவனின் ஒரு நாள் என்பதே பொருள். காப்ரா கிடாரை மடியில் கிடத்தி, தந்திமேல் உலோகத் துண்டை வழுக்கி வாசித்தார், நம் கோட்டு வாத்தியம் மாதிரி. விடியலுக்குரிய ராகத்திலிருந்து பொழுதைப் பின்பற்றிப் போகிறது இசை. நிலமும் பொழுதும் முதற்பொருள், இடையன் தொழில் கருப்பொருள். தொல்காப்பியர் கேட்டிருந்தால் இது முல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பார். அத்தட்டில் முறையான ராக வாசிப்பும் தபேலாவின் தாளமும் உண்டு, ஆகவே முழுச் சூழலிசை என்று சொல்லமாட்டேன். ஆயினும் ஓரிடத்தை ஒலியால் கட்டி நம்மை உள்ளே உட்காரவைக்கும் வித்தை அதில் இருக்கிறது.

தமிழில் எல்லோருக்கும் தெரிந்தது இளையராஜா. 1976இல் அன்னக்கிளியோடு அறிமுகமாகும்முன் அவரே கிடார்க் கலைஞர். தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்றவர். 1982இல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் இளைய நிலா பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கிடார் வாசித்தவர் ஆர். சந்திரசேகர். பாட்டுத் தொடங்குவதற்கு முன்னாலேயே கிடார் தனியாக ஓர் இரவை விரித்துவிடுகிறது. பாடகர் வாய் திறக்குமுன்பே நாம் வெளியில், வானத்தடியில் நிற்கிறோம். ஆனால் அந்தக் கிடார் சில நொடியில் பாட்டுக்கு வழிவிட்டுப் பக்கவாத்தியம் ஆகிவிடுகிறது. அந்த முதல் நொடிகளிலேயே அரைமணி நேரம் தங்கியிருக்க முடிந்தால் எப்படி இருக்கும்? சூழலிசைக் கிடார் என்பது அதுதான். இப்படிச் சொன்னால் நம் வீட்டுப் பெண்களுக்கும் உடனே விளங்கும்.

எது நல்லது, எது போலி?

திறனாய்வு என்றால் தரம் பிரித்துச் சொல்லவேண்டும். இன்று இந்த வகை மலிந்துவிட்டது. ஓட்டல் வரவேற்பறை, பல் வைத்தியர் காத்திருப்பு அறை, லிஃப்ட், தூக்கம் வரவழைக்கும் எட்டுமணி நேரப் பதிவு என்று எங்கும் இதுவே. பெரும்பாலும் சர்க்கரைத் தண்ணீர். மூன்று சோதனைகள் சொல்கிறேன்.

முதலாவது, மரமும் தந்தியும் கேட்கிறதா? எதிரொலியை அளவுக்குமீறிக் கூட்டினால் கிடாரா, ஆர்மோனியமா, மின்விசிறியா என்றே தெரியாது. அடியை மறைக்கலாம், கையை மறைக்கக்கூடாது. விரல் தந்திமேல் நகரும் சின்னக் கீச்சு கேட்டால் அங்கே ஒரு மனிதன் உட்கார்ந்திருக்கிறான் என்று நம்பலாம்.

இரண்டாவது, நிலம் இருக்கிறதா? கவனிக்காமல் விடலாம் என்று ஈனோ கொடுத்த சலுகையைச் சோம்பேறிகள் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். நம் மரபு அந்தச் சலுகையைத் தராது. கருப்பொருள் பின்னால் நிற்கும், ஆனால் ஏனோதானோ என்று நிற்காது. பாலைக்குரியது பாலைக்கே உரியது. எந்த அறைக்கும் பொருந்துகிற இசை எந்த நிலத்துக்கும் உரியதல்ல.

மூன்றாவது, மௌனத்தைத் தாங்குகிறதா? சுரம் தேய்ந்து முடிகிற இடத்தில் பயப்படாமல் நிற்பவன் கலைஞன். அந்த இடைவெளியைக் கண்டு அஞ்சி, உடனே மழைச் சத்தம், குயில் சத்தம், ஓடைச் சத்தம் என்று வாரிக் கொட்டுபவன் வியாபாரி. வியாபாரியான நானே இதைச் சொல்கிறேன்.

வந்த நிலத்தின் பயன்

கடைசியாக ஒன்று. கிடார் அந்நியக் கருவியாயிற்றே, அதற்கேன் தொல்காப்பியம் என்று புலவர்கள் கேட்கலாம். தொல்காப்பியரே வழிவிட்டிருக்கிறார். பூவும் பறவையும் தமக்குரிய நிலத்தையும் பொழுதையும் விட்டு வேறிடத்துக்கு வந்தாலும், வந்த நிலத்துக்குரிய பயனையே தரும் என்பது அவர் விதி. கிடார் அப்படி வந்த பறவை. காப்ராவின் மடியில் முல்லை ஆயிற்று, இளையராஜாவின் பாட்டில் நம் ஊர் நிலவு ஆயிற்று.

நாமும் அப்படி வந்தவர்கள்தானே? வடவேங்கடத்தின் அடிவாரத்தில், சங்கப் புலவர்கள் மொழிபெயர் தேயம் என்று சொன்ன எல்லையில் கடை போட்டு உட்கார்ந்திருக்கிறோம். சுவர்ணமுகி மணலும், ரேணிகுண்டா நோக்கிப் போகும் ரயிலின் சத்தமும், சந்தைத் தெலுங்கும்தான் இன்று நம் கருப்பொருள். உள்ளே இருக்கும் உரிப்பொருள் தமிழ். நம் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பாட்டின் சொல் பாதி புரியவில்லையே என்று சங்கக் கூட்டங்களில் வருத்தப்படுகிறோம். சொல்லைக் கற்றுக்கொடுப்பது நம் கடமை, அதில் மாற்றில்லை. ஆனால் சொல் புரியாத வயதிலும் நாதம் புகும். இந்தப் பொங்கல் விடுமுறையில் பிள்ளைகள் வரும்போது, அவர்கள் காதில் மாட்டியிருப்பதை ஒரு பக்கம் வாங்கி நீங்களும் கேட்டுப் பாருங்கள். பத்து நிமிஷம் போதும். கேட்டு முடித்ததும் கானல்வரிக் கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள். யாழ் என்றால் என்ன என்று அவர்களே கேட்பார்கள்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!